யாரும் கொண்டாடாத வண்டி

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30-ஆம் நாளன்று மும்பை வீதிகளிலிருந்து பிரிமியர் பத்மினி டாக்சி விடைபெற்றது. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டியே அவ்வினத்தின் கடைசி டாக்சி. இந்நகரில் டாக்சிக்கு இருபது ஆண்டே ஆயுள் என்பது விதியாகையால் அத்துடன் கணக்குத் தீர்ந்தது. பத்திரிகைகள் உருகி எழுதின. கறுப்பும் மஞ்சளும் பூசிய அவ்வண்டியோடு தாங்கள் நின்ற படங்களை மக்கள் பெட்டியடியிலிருந்து தேடி எடுத்தனர். ஒரு வண்டியையாவது கண்காட்சிச் சாலையில் வைத்துக் காக்கவேண்டுமென டாக்சிக்காரர் சங்கம் கோரிற்று. யாவும் நியாயமே. பத்மினிக்குச் செய்த மரியாதையில் நமக்கு யாதொரு பொறாமையும் இல்லை.

ஆயினும் அதே கம்பெனியின் மற்றொரு பிள்ளையை அன்று நினைத்தவர் ஒருவரும் இல்லை. பத்மினிக்கு இளையதாய்ப் பிறந்து, அதனினும் வலிய எஞ்சினோடு ஓடி, ஏறக்குறைய அது நின்ற காலத்திலேயே தானும் நின்றுபோன அவ்வண்டியின் பெயர் பிரிமியர் 118 என்.இ. 1985-இல் வெளிவந்து 2001 வாக்கில் மறைந்தது. தொண்ணூறுகளில் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாஷியிலும் வாழ்ந்த நம்மவரில் சற்றுக் கையில் காசு சேர்ந்த குடும்பஸ்தர் பலர் அதனை வாங்கினர், ஓட்டினர், விற்றனர், மறந்தனர். அதைப் பற்றி ஒரு பாட்டில்லை, கதையில்லை. பெயரிலும் எண்தான் இருந்தது. பத்மினி என்றால் ஒரு ராணி நினைவுக்கு வருவாள். நூற்றுப் பதினெட்டு என்றால் யார் வருவார்?

ரயில்வே குமாஸ்தாவுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். தகுதி யாதொன்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் நாம். பாஸ் இருக்கையில் காருக்கு ஆசைப்பட்டதுமில்லை. ஆனால் சான்பாடாவில் மின்ரயில் பணிமனைக்கு அருகே குடியிருப்பவருக்கு ஒரு பழக்கம் தானே படிந்துவிடுகிறது. வர்ணத்தைப் பார்த்து வண்டியை மதிக்கத் தோன்றாது. எத்தனை நடை ஓடிற்று, எத்தனை நடை வழியில் நின்றது என்றே கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை இந்த வண்டியிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கம்பெனியைச் சிறிது அறிவோம். சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த், 1919-இல் சிந்தியா கப்பல் கம்பெனியை நிறுவியவருள் ஒருவர். 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளையர் கம்பெனி நசுக்கிய கதையை நம்மவர் மறப்பதில்லை அன்றோ? அதே வெள்ளைக் கம்பெனியோடும் அதன் கூட்டாளிகளோடும் பின்னாளில் மல்லுக்கு நின்று பிழைத்தது சிந்தியா. வால்சந்த் 1940-இல் பெங்களூரில் விமான ஆலை கண்டார். 1944-இல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியை நிறுவினார். குர்லாவில் எழுந்த ஆலை, முதலில் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைக் கட்டியது. பின்பு இத்தாலியின் பியட் கம்பெனியோடு உறவு ஏற்பட்டது. 1954-இல் பியட் 1100 வந்தது. அதுவே பெயரும் முகப்பும் மாறி மாறி, 1974 முதல் பத்மினி ஆயிற்று.

அக்காலத்தில் நாட்டில் பெயர் சொல்லத்தக்க கார் ஆலைகள் மூன்றே: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் அனேகர். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போது பதிவு செய்த வண்டி, பேரன் பிறந்தபின் வந்து சேர்ந்தது என்று மாதுங்காவில் பரிகாசமாகச் சொல்வதுண்டு. விற்பவனுக்கு வாங்குபவனைப் பற்றிய கவலை எதற்கு? முப்பது ஆண்டு ஒரே வண்டியைச் செய்துகொண்டிருக்கலாம்.

1983 டிசம்பரில் மாருதி வந்ததும் அந்தச் சுகவாசம் முடிந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்றே உருளைகளும் உடைய சிறிய வண்டிதான். ஆயினும் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்பிற்று. பெண்களும் முதியோரும் ஒரு கையால் திருப்பும்படி இலகுவாக இருந்தது. பழைய மூன்று ஆலைகளும் விழித்துக்கொண்டன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் காண்டெஸ்ஸா என்னும் பெரிய வண்டியைக் கொணர்ந்தது. சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-இல் இங்கிலாந்து ரோவர் காரின் உடலெடுத்து, அதனுள் தன் பழைய எஞ்சினை அமர்த்தி, ஸ்டாண்டர்ட் 2000 என்று பெயரிட்டது. ராஜாவின் அங்கிக்குள் நோயாளியை நிறுத்திய கதையாயிற்று அது. விலையோ மிக உயர்வு. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அவ்வண்டியும் முடிந்தது, ஆலையும் முடிந்தது. தமிழ்நாட்டில் தோன்றிய ஒரு கார்க் கம்பெனி அப்படி மாய்ந்ததில் நமக்கு இன்றும் வருத்தந்தான். இங்கு அதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே ஆண்டில், அதே நெருக்கடியில், பிரிமியர் கம்பெனி எடுத்த முடிவு அதைவிட எவ்வளவு நிதானமானது என்பது ஒப்பிட்டால்தான் விளங்கும்.

பிரிமியர் தேர்ந்தெடுத்த உடல் பியட் 124. 1966-இல் இத்தாலியில் பிறந்து, 1967-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் என்னும் விருது பெற்றது அது. பார்வைக்குச் சோப்புக் கட்டி போலச் சதுரமாக இருக்கும். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் இடத்தை வீணாக்காமல் ஐவரையும் அவர்தம் மூட்டைகளையும் அடக்கிய யுக்தி அருமையானது. பாரம் ஏறக்குறைய 850 கிலோவே. சோவியத் ரஷ்யர் இதனை வாங்கி, தங்கள் கரடு முரடான சாலைகளுக்கும் பனிக்கும் ஏற்பத் தகட்டைத் தடிப்பாக்கி, அடிப்பாகத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, எஞ்சினையும் மாற்றி, 1970 முதல் தொக்லியாத்தி நகரில் செய்யலாயினர். உலகம் லாடா என்று அழைப்பது அதைத்தான். அதன் வழிவந்த வண்டிகள் 2012 வரை ரஷ்யாவில் செய்யப்பட்டன. துருக்கியர் 1971 முதல் முராத் என்ற பெயரில் செய்தனர். ஸ்பெயினில் சியட் கம்பெனி செய்தது. அக்கம்பெனி கைவிட்ட அச்சுகளையே பிரிமியர் வாங்கிப் பம்பாய்க்குக் கப்பலேற்றியது. ஆகவே பிற தேசங்களில் கோடிக்கணக்கான எளிய குடும்பங்களைச் சுமந்த ஒரு வமிசத்தின் கடைக்குட்டிதான் நமது 118. பிறந்து பத்தொன்பது ஆண்டு கழித்து இங்கு வந்தது என்பது உண்மை. பழைய வண்டியைத் தலையில் கட்டினார்கள் என்று அப்போதே பலர் முணுமுணுத்தனர். பத்மினியின் வடிவமோ அதற்கும் முந்தியது என்பதை ஏனோ அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

எஞ்சின் விஷயம் இன்னும் ருசிகரமானது. பழைய பியட் எஞ்சினைப் பொருத்தாமல் ஜப்பானின் நிசான் கம்பெனியோடு பேசி, அவர்களது ஏ12 என்னும் எஞ்சினை அமர்த்தினர். என்.இ. என்ற எழுத்துக்கள் நிசான் எஞ்சின் என்பதையே குறிக்கும் என்று மக்கள் கொண்டனர். கொள்ளளவு 1171 கன சென்டிமீட்டர். வலிமை 52 குதிரை. பத்மினிக்கு 1089 கன சென்டிமீட்டரும் நாற்பதை ஒட்டிய குதிரைகளுமே இருந்தன. இந்த ஏ12 எஞ்சின் 1970-இல் நிசானின் சன்னி காரில் வந்தது. இரும்பாலான உடல், அலுமினியத்தாலான தலை. சுழல்தண்டை ஐந்து இடங்களில் தாங்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். நான்கு உருளை எஞ்சின் ஒன்றுக்கு மூன்று தாங்கிகள் வைத்தே காலம் தள்ளிய நாளில், ஐந்து வைப்பது தாராளம். தாங்கி கூடினால் தண்டு வளையாது, நடுங்காது. எஞ்சின் நெடுநாள் உழைக்கும். நம் கூரை விட்டத்துக்கு இரண்டு தூண் கொடுப்பதற்கும் மூன்று கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இவ்வெஞ்சின் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சிறு பார வண்டிகளில் பல்லாண்டு மூட்டை சுமந்தது. அத்தகைய கடின உழைப்பாளியைக் குடும்ப வண்டிக்குள் வைத்ததை நாம் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வோம். பிற்பாடு இத்தாலிய டீசல் எஞ்சின் பொருத்திய வகையும் வெளிவந்தது.

மாற்றுக்கோல் பத்மினியில் சக்கரத்தருகே கம்பத்தில் இருக்கும். இதில் தரையிலிருந்து எழுந்து நிற்கும். பின் சக்கரங்களே வண்டியைத் தள்ளும். குடும்பத்தையும் ஊறுகாய் ஜாடிகளையும் அரிசிச் சாக்கையும் ஏற்றி மலைப்பாதையில் ஏறுகையில் இதன் அருமை புலப்படும். ஏறுமுகத்தில் பாரம் பின்னுக்குச் சாயும். அந்தப் பாரமே உந்தும் சக்கரங்களைத் தரையில் அழுத்திப் பிடிப்பைக் கூட்டும். முன் சக்கரம் இழுக்கும் சிறு வண்டிகளில் இதற்கு நேர்மாறு. பின்னே பாரம் ஏற ஏற முன்னே பிடிப்புக் குறையும். மும்பை–பூனா விரைவுச் சாலை முற்றும் திறக்கப்பட்டது 2002-இல்தான். அதற்கு முன் கண்டாலா கணவாயில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று ஏறியவர்களுக்கு, முதற்பல்லில் பின்னே சறுக்காமல் கிளம்பும் வண்டியின் மதிப்புத் தெரியும். குளிர்சாதனம் பொருத்தியும் இது ஓடிற்று. மும்பையின் நீல நிறக் குளிர்சாதன டாக்சிகளில் 118 வண்டிகள் இருந்ததை அன்பர்கள் கண்டிருப்பர்.

இவ்வளவு நற்குணம் இருந்தும் ஏன் ஒருவரும் கொண்டாடவில்லை? காரணங்கள் இல்லாமல் இல்லை. திருப்புச் சக்கரம் கனத்திருக்கும். சந்தை வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் தோள் வலிக்கும். கதவுகள் பொருந்திய வகையும் உட்புறத்துப் பிளாஸ்டிக் வேலையும் சிலாக்கியமானவையல்ல. தகடு துருப்பிடிக்கும் என்ற பெயர் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டது. மழையும் கடற்காற்றும் உள்ள இந்நகரில் அப்பெயர் போகவே இல்லை. இவையெல்லாம் மெய்யான குறைகள். மறைப்பதில் பயனில்லை.

ஆனால் நாம் யோசித்துப் பார்த்தமட்டில், குறைகளைவிட அதன் ஸ்தானமே அதற்குச் சத்துருவாயிற்று எனலாம். ஏழைக்குப் பத்மினி போதும்; அது டாக்சியாகவும் ஓடியதால் எந்தச் சந்தில் நின்றாலும் ரிப்பேர் செய்ய ஆளுண்டு. புது மோகத்துக்கு மாருதி. செல்வருக்குக் காண்டெஸ்ஸா. இடையில் நின்ற 118-ஐ ஒரு கூட்டமும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடவில்லை. கூட்டுக் குடும்பத்தின் நடுப்பிள்ளைக்கு நேர்வது இதுவே. மூத்தவனுக்குப் பெருமை, கடைக்குட்டிக்குச் செல்லம். நடுவிலுள்ளவன் கடைக்குப் போய்வருவான்.

1993-இல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கிற்று. அந்த ஆண்டே மாருதி ஜென், 1995-இல் தேவூ சியலோ, 1998-இல் நமது இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த சான்ட்ரோ, அதே ஆண்டில் டாட்டாவின் இண்டிகா என வெள்ளம்போல் வந்தன. பிரிமியரும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுக் கம்பெனியோடு சேர்ந்து கல்யாண் பக்கம் பெஜோ 309 செய்தது. பியட்டோடு சேர்ந்து ஊனோ செய்தது. கூட்டாளிகளோடு மனத்தாங்கலும் தொழிலாளர் தகராறுமாக அவை நிலைக்கவில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டில் இறுகவே, கார்புரேட்டரை நம்பிய பழைய எஞ்சின்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 118-உம் போயிற்று. குர்லாவில் பிரிமியர் ரோடு என்னும் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. ஆலையைச் சேர்ந்த நிலத்தில் இப்போது அடுக்கு மாளிகைகள்.

இனி, இவ்வளவையும் நாம் எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருவோம்.

சான்பாடாவில் நம் குடியிருப்புக்கு அடுத்த கட்டடத்தில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் அயல்நாட்டில். கணவர் 1994-இல் வாங்கிய வெண்ணிற 118 கட்டடத்தின் கீழே உறையிட்டு நிற்கிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கிற்று. கட்டடக் கமிட்டியார் இடத்தைக் காலி செய்தால் நல்லது என்றனர். பிள்ளைகள் தொலைபேசியில், ‘பழைய இரும்பை வைத்துக்கொண்டு ஏன் அவஸ்தைப்படுகிறீர்கள், எடைக்குப் போட்டுவிடுங்கள்’ என்றனர். அம்மையார் நம்மை அழைத்து, “தம்பி, நீங்கள் கணக்கெழுதுகிறவர். இதை வைத்துக்கொள்வது நஷ்டமா லாபமா என்று கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கூறி, ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தார். அது வண்டியின் நடைப் புத்தகம். கணவர் வாங்கிய நாள்முதல் எழுதியது.

நாம் எத்தனையோ பதிவேடுகளைப் பார்த்திருக்கிறோம். இத்தகைய ஒன்றைப் பார்த்ததில்லை. தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எதற்காக என நான்கு பத்திகள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒரு நாளும் விடவில்லை. ‘காரியம்’ என்ற நான்காம் பத்தியில்தான் விசேஷம். ஆரம்பத்தில் ‘செட்டா நகர் கோயில்’, ‘மாதுங்கா காய்கறி’, ‘தாராவி—மச்சினர் வீடு’ என்று எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஊர்’ என்று ஒரே சொல்; அதற்கு நேரே போக வர மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர். பூனா, கோல்ஹாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாக ஐவர் அடைத்துக்கொண்டு போன பிரயாணங்கள் அவை. கோடை விடுமுறையில் நம் ரயிலில் இடம் கிடையாது என்பதை இங்கே நாமே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பக்கங்களைப் புரட்டப் புரட்ட ‘சயான்’ என்னும் சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் நள்ளிரவு கடந்த நேரங்கள். என்னவென்று அம்மையாரைக் கேட்டோம். “அது ஆஸ்பத்திரி, தம்பி. அப்போது இந்தப் பக்கம் என்ன இருந்தது? யாருக்கு எது வந்தாலும் பாலம் தாண்டித்தான் போக வேண்டும். கட்டடத்தில் எங்கள் வண்டி ஒன்றுதானே!” என்றார்.

அன்பர்கள் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். கடற்கழியின் மேல் ரயில் பாலம் கடந்து வாஷிக்கு வண்டி வந்ததே 1992-இல்தான். வந்தபின்னும், பின்னிரவில் ஒரு மணிக்குமேல் நாலு மணி வரையில் உள்ளூர் ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. இந்தப் பக்கத்தில் அந்நாளில் இரவில் டாக்சியும் அரிது. பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்கும், மார்வலி கண்ட கிழவருக்கும் ரயில்வே கால அட்டவணை தெரியுமா? ஆகவே கீழ்த்தளத்தில் நின்ற இந்தச் சதுர வண்டியின் கதவைத்தான் தட்டினார்கள். புத்தகத்தில் ‘சயான்’ என்று எழுதிய வரிகளை எண்ணினோம். நாற்பத்தொன்று. பக்கத்தில் ஓரிடத்திலும் பெட்ரோலுக்கு வாங்கிய காசு குறிக்கப்படவில்லை. சில வரிகளுக்கு நேரே பென்சிலால் ‘பெண்’, ‘ஆண்’ என்று எழுதியிருந்தது. அவை பிறந்த குழந்தைகள். மூன்று வரிகளுக்கு நேரே சிறு சிலுவைக்குறி போல ஒரு கோடு. அதற்கு விளக்கம் நாம் கேட்கவில்லை.

வழியில் நின்ற நடை எத்தனை என்பதையும் பார்த்தோம், அதுவே நம் தொழில் வழக்கமாகையால். பஞ்சர் தவிர்த்து ஆறு. அவற்றுள் ‘சயான்’ நடையில் ஒன்றும் இல்லை. பத்தொன்பது ஆண்டு ஓடியபின் கணவருக்குக் கண்பார்வை மங்கியதால் ஓட்டம் குறைந்தது; எஞ்சின் அடங்கியதால் அன்று.

இப்படிப்பட்ட கணக்கை எப்படிக் கூட்டுவது? ரூபாய்க் கணக்கில் பார்த்தால் விடை எளிது. 2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் அது 10,000 ஆயிற்று. இதற்குமேல் பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. தகுதிச் சோதனையில் அதிகாரி தகட்டைத் தட்டிப் பார்ப்பார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்வளவும் செய்ய வேண்டும். வண்டியை விற்றாலோ கிடைப்பது இவற்றுக்கே காணாது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்று 2021-இல் அரசு தனி விதி செய்திருக்கிறது. அந்தக் கௌரவம் முதல் 118-க்கே 2035-இல்தான் வாய்க்கும். அங்கும் பாருங்கள், இவ்வண்டி இரண்டுங்கெட்டான் நிலைதான்: உபயோகத்துக்கு மிகப் பழையது, பெருமைக்கு மிகப் புதியது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே நாற்பத்தொன்று என்ற எண்ணையும் எழுதி அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் ரூபாய்ப் பகுதியைப் படித்தார். பின்பு, “பணத்தைக் கட்டிவிடலாம், தம்பி. அந்த மேல்வீட்டுப் பையன் ஓட்டப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் பிறந்தது ‘சயான்’ போன வரியில்தான். இந்த வண்டியிலேயே படிக்கட்டும்” என்றார். பையனின் தகப்பனார் கமிட்டிக்காரர். இடத்தைக் காலி செய்யச் சொன்னவர்களில் ஒருவர். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

நம்மவர் வீடுகளில் இன்னும் இத்தகைய வண்டி நின்றால் சில சொற்கள். இக்காலத்துப் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கப்படுகிறது. இந்த எஞ்சின்கள் பிறந்தபோது அவ்வழக்கம் இல்லை. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கி விடும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே பெட்ரோல் குழாய்களையும் கார்புரேட்டரின் ரப்பர் உறுப்புகளையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுவது அவசியம். மாதக்கணக்கில் ஓட்டாமல் தொட்டியில் பெட்ரோலைத் தேக்கி வைத்தல் ஆகாது. வாரம் ஒருமுறை எஞ்சினை முடுக்கி நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அது எஞ்சினுக்குள் ஈரத்தைச் சேர்ப்பதோடு சரி. பாம் பீச் சாலையில் ஒரு முழு நடை ஓட்டி, நன்கு சூடேற்றித் திரும்புவதே மேல்.

துரு விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் கதவும் மூடியும் முக்கியமல்ல. காலடிக் கம்பளத்தை எடுத்துத் தரையைத் தடவிப் பார்க்க வேண்டும். கதவின் அடியில் நீர் வடியச் சிறு துவாரங்கள் இருக்கும். சேறு அடைத்தால் நீர் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு குச்சியால் அவற்றைக் குத்திவிடுவது ஐந்து நிமிஷ வேலை. முழுதும் மூடும் பிளாஸ்டிக் உறை நம் கழிக்கரை ஈரக்காற்றுக்குக் கெடுதி, துணியுறை உத்தமம். உதிரி உறுப்புகளுக்குக் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளை விசாரிக்கலாம். பழைய உறுப்பை வைத்திருப்பவன் அதன் பெயரை அறிந்திருப்பான் என்பதில்லை, ஆகையால் கையிலுள்ள தேய்ந்த உறுப்பையே கொண்டுபோய்க் காட்டுவது நலம். வண்டியைக் கழித்தே தீரவேண்டும் என்றால், அரசாங்கப் பதிவு பெற்ற கழிவு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்; அடுத்த புது வண்டியின் சாலை வரியில் அதற்குச் சலுகை உண்டு. தெருவில் எடைக்குப் போட்டால் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயரே நிற்கும். பின்னால் வரும் தொல்லைக்கும் நீங்களே பொறுப்பாவீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பிரிமியர் கம்பெனியின் ஆலைகளில் வேலை செய்த தமிழர் தாராவியிலும் செம்பூரிலும் குர்லாவிலும் இன்னும் இருக்கின்றனர். பெரும்பாலோர் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். எந்தப் பட்டறையில் வேலை, பத்மினியிலிருந்து 118-க்கு மாறியபோது கைவேலையில் என்ன மாறிற்று, ஆலை நின்றபோது என்ன கொடுத்தார்கள், அதன்பின் எங்கே போனார்கள் என்பவற்றை அவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதி அனுப்பலாம். எழுத இயலாதவர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே நோட்டுப் புத்தகத்துடன் வந்து எழுதிக்கொள்கிறோம். நடைப் புத்தகம் வைத்திருந்த வேறு குடும்பத்தார் எவரேனும் இருந்தால், அதையும் ஒருமுறை பார்க்கத் தரவேண்டும்.